திருகோணமலை, நிலாவெளி: காலை கடலுக்கு, மாலை கோட்டைக்கு

திருகோணமலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் நாளைத் தலைகீழாகப் போட்டுக்கொள்கிறார்கள். காலையில் கோட்டைக்குள் இருக்கும் கோணேசர் கோயில், மத்தியானம் சாப்பாடு, அதற்குப் பிறகு கடல். கோயிலை முடித்து இறங்கும்போது வெறுங்காலில் நிற்க முடியாதபடி கல் சுடுகிறது. கடலுக்குப் போய்ச் சேரும்போது காற்றுக் கிளம்பி, நீர் கலங்கிப்போயிருக்கிறது. இதை அப்படியே மாற்றிப் போட்டு இரண்டு இரவு தங்கினால், எதையும் அவசரப்பட்டுப் பார்க்க வேண்டியதில்லை.

வரவேண்டிய காலம் மே முதல் செப்டெம்பர் வரை. தென்மேற்குக் கரையில் காலி, ஹிக்கடுவைப் பக்கம் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் இங்கே கடல் படுத்துக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. சென்னையை நனைக்கும் அதே மழைதான். அந்த நாட்களில் அறை மலிவாகக் கிடைக்கும், படகு ஓடாது. பாடசாலை விடுமுறை விடும் ஆகஸ்டிலும், பௌர்ணமி விடுமுறையோடு சேர்ந்த வார இறுதிகளிலும் அறையை முன்கூட்டியே பிடித்துவிட வேண்டும்.

கொழும்பிலிருந்து ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து வரும் இரவு ரயிலுக்கு இருக்கையை முன்பதிவு செய்துகொண்டால் விடியற்காலையில் இறங்கலாம். பஸ்ஸில் வருவதானால் குருநாகல், தம்புள்ளை, ஹபரணை வழி. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியா வழியாக வர வேண்டும்.

அறை பிடிக்கும்போதுதான் அதிகம் ஏமாறுகிறார்கள். இணையத்தில் “திருகோணமலை” என்று போட்டிருக்கும் விடுதி நகரத்திலும் இருக்கலாம், 15 கிலோமீற்றர் வடக்கே நிலாவெளியிலும் இருக்கலாம். வரைபடத்தில் இடத்தைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். கூட்டாளிகளோடு வந்து, இரவில் நடந்துபோய்ச் சாப்பிட நாலு கடை வேண்டும் என்பவர்களுக்கு உப்புவெளி. நகரத்திலிருந்து அது ஐந்தாறு கிலோமீற்றர்தான், ஓட்டோவும் எந்நேரமும் கிடைக்கும். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கும் அமைதி வேண்டுபவர்களுக்கும் நிலாவெளி. ஆனால் இருட்டிய பிறகு அங்கே பஸ்ஸை நம்பி இருக்க முடியாது. பகலில் நகர பஸ் நிலையத்தில் குச்சவெளி, புல்மோட்டை பஸ்களில் ஏறினால் நிலாவெளிச் சந்தியில் இறக்கிவிடுவார்கள். அங்கிருந்து கடற்கரைக்குக் கொஞ்சத் தூரம் நடக்க வேண்டும்.

முதல் காலை புறாத்தீவுக்கு. ஊரில் புறாமலை என்றும் சொல்வார்கள். நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவில் இருக்கும் இந்தத் தீவு 2003இலிருந்து தேசியப் பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச் சீட்டு வேறு, படகுக் கூலி வேறு. கூலி ஆளுக்கு அல்ல, படகுக்கு. எனவே இரண்டு பேராக வந்தால் கரையில் நிற்கும் இன்னொரு குழுவோடு சேர்ந்துகொள்ளலாம். உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் கட்டணம் பெருமளவு வேறுபடும், அடையாள அட்டையோ கடவுச்சீட்டோ கையில் இருக்கட்டும். முதல் படகுகளோடு போய்விடுவது நல்லது. பத்து மணிக்குப் பிறகு ஆட்கள் நிறைந்து, மணல் கிளம்பி, அடியில் எதுவும் தெரியாது.

வாடகை மாஸ்க்கைக் கரையிலேயே சோதித்து வாங்குங்கள். பட்டியை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளே இழுங்கள். கையை எடுத்த பிறகும் முகத்தில் ஒட்டி நின்றால் சரி, நழுவினால் வேறொன்று கேளுங்கள். மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டுப் பக்கம் நீர் கசியும், அங்கே கொஞ்சம் வஸ்லீன் தடவினால் அடங்கும். கண்ணாடியின் உட்பக்கம் எச்சில் தேய்த்துக் கடல்நீரில் ஒருமுறை அலசினால் ஆவி படியாது. முதுகு வெந்துபோகாமலிருக்க முழுக்கை ரீசேர்ட் போட்டுக்கொண்டே நீந்துங்கள். கரையெல்லாம் உடைந்த பவளக் கற்கள், அதனால் செருப்பு இல்லாமல் இறங்கக் கூடாது. உயிருள்ள பவளத்தில் கால் வைக்கவே கூடாது. நின்று மூச்சு வாங்கத் தோன்றினால் மணல் திட்டுக்குப் போய் நில்லுங்கள், அல்லது லைஃப் ஜாக்கெட்டோடு மிதங்கள். கருந்துடுப்புச் சுறாக்களைக் காணலாம். அவை ஆளைக் கண்டால் விலகிப் போகும் சாதுக்கள், துரத்திப் படம் பிடிக்கப் போகாதீர்கள். குடிநீரைக் கையோடு கொண்டு போய், வெறும் போத்தலைத் திருப்பிக் கொண்டு வாருங்கள். திரும்பி ஏற்ற வரும் நேரத்தைப் படகுக்காரரோடு புறப்படும்போதே பேசிவிடுங்கள். இரண்டு மணி நேரம் தாராளம்.

கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் நாளில், காற்றடைத்த வளையத்தில் குழந்தையை மிதக்கவிட்டு ஆளை மறந்துவிடாதீர்கள். அலை இல்லாததால் ஆபத்து இல்லை என்று தோன்றும். வளையம் சத்தமில்லாமல் வெளியே போய்க்கொண்டிருக்கும்.

மாலை நாலு மணிக்கு மேல் கோட்டை. போர்த்துக்கீசர் கோணேசர் கோயிலை இடித்து அதன் கற்களையும் கொண்டு 1624இல் கட்டியது, 1639இல் ஒல்லாந்தர் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்குப் போனது, 1803இல் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் பெற்றது. ஓட்டோக்காரர் நேரே மேலே கோயில் வாசலுக்குக் கொண்டு போகிறேன் என்பார். கோட்டை வாயிலிலேயே இறங்கிவிடுங்கள். நிலைக்கல்லில் இரட்டை மீன் சின்னமும், குளக்கோட்டன் என்ற பழைய மன்னனின் கோயில் திருப்பணியைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டுத் துண்டும் இருக்கின்றன. வண்டியில் போகிறவர்களுக்கு அவை கண்ணில் படுவதில்லை. உள்ளே இன்னும் இராணுவ முகாம்தான். காவலரண்களையும் கட்டடங்களையும் படம் எடுக்க வேண்டாம். வழியெல்லாம் மான்கள் நிற்கும், பிஸ்கட் நீட்டினால் உறையோடு தின்றுவிடும்.

சம்பந்தர் பாடிய தலம் என்றாலும் இன்று காணும் கோயில் 1963இல் குடமுழுக்குக் கண்டது. பழைய கோயிலின் தூண்களும் கற்களும் மலையடியில் கடலுக்குள் கிடக்கின்றன. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய கூட்டாளி மைக் வில்சனும் 1956இல் மூழ்கிக் கண்டது அவற்றைத்தான். ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை பூசை பார்க்க நல்ல நாள், நெரிசலும் அன்றைக்குத்தான். இராவணன் வெட்டு என்னும் பாறைப் பிளவு அருகே வேலிக் கம்பிக்கு அப்பால் ஏறிப் படம் எடுக்கும் பழக்கம் இருக்கிறது. நேர்கீழே கடல், வேண்டாம்.

இரண்டாம் நாள் காலை கன்னியா வெந்நீரூற்று. அனுராதபுர வீதியில் எட்டுக் கிலோமீற்றர் அளவு. ஏழு சிறு கிணறுகள், ஒன்றின் சூடு மற்றதற்கு இல்லை. இறங்கிக் குளிக்க முடியாது, வாளியால் அள்ளி ஊற்ற வேண்டும். கூட்ட நாளில் வாளிக்குக் காத்திருக்க நேரும், ஒரு சின்ன வாளியைக் கொண்டு போனால் அந்தத் தொல்லை இல்லை. ஈர உடையோடு திரும்ப வேண்டாமென்றால் மாற்றுடையும் எடுத்துக்கொள்ளுங்கள்.