பகடைக்குப் பதில் 18 சீட்டுகள்
டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டில் உங்கள் கதாபாத்திரத்தை உருவாக்கப் பகடை இல்லையென்றால், சீட்டுக்கட்டில் ஏஸ் முதல் 6 வரை மும்மூன்று சீட்டுகளை எடுத்துக் குலுக்கி, பலம் முதல் வசீகரம் வரை ஆறு குணங்களுக்கும் மும்மூன்றாகப் போட்டுக் கூட்டுங்கள். ஏஸ் என்றால் 1. (2 முதல் 6 வரை எப்படியும் 304 என்ற சீட்டாட்டத்தில் ஒதுக்கி வைப்பவைதானே!) அடுத்தவர் அதே 18ஐத் திரும்பக் குலுக்கட்டும்.

மூன்று பகடை உருட்டுவது போலவே குணத்துக்குச் சராசரி 10.5 வரும். ஆனால் எல்லாச் சீட்டும் தீர்ந்துவிடுவதால் யாருக்கும் மொத்தம் 63தான்; ஒருவர் பயில்வான், மற்றவர் நோஞ்சான் என்ற சண்டை வராது.

நான்கு பகடை உருட்டிச் சிறியதை விடும் முறைக்கு இது சரிவராது, அங்கே சராசரி 12ஐத் தாண்டும். அப்புறம், கச்சான் எனும் மேல்காற்று அடிக்கும்போது மட்டக்களப்பின் கல்லடிக் கடற்கரையிலும் வேண்டாம், சீட்டுகள் பறந்துவிடும்.