இரு பிரிவினரின் எண்களை மேடையில் பேச வேண்டி வந்தால்

பொறுப்பில் இருப்பவர்களுக்கு உரை எழுதிக் கொடுப்பது என் தொழில். புதிதாகப் பதவிக்கு வருகிறவர்களில் பலரும் ஒருநாள் அறைக் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் இதைக் கேட்டிருக்கிறார்கள்: "ஆணுக்கும் பெண்ணுக்கும், ஓர் இனத்தாருக்கும் இன்னோர் இனத்தாருக்கும் புள்ளிவிவரங்களில் வேறுபாடு தெரிகிறது. அதை நான் வெளியில் பேசலாமா?"

பேசலாம். சில சமயம் பேசியே ஆக வேண்டும். அமெரிக்காவில் 2021-ஆம் ஆண்டு, கறுப்பினத் தாய்மாருக்கு உயிருடன் பிறந்த ஒவ்வொரு லட்சம் குழந்தைகளுக்கும் 69.9 தாய்மார் கர்ப்பம், பிரசவம் தொடர்பான காரணங்களால் இறந்தார்கள். வெள்ளையினத் தாய்மாரிடையே இதே கணக்கு 26.6. இதைச் சொல்லக் கூசினால் அந்தத் தாய்மாரின் சாவு நாட்டின் மொத்தச் சராசரிக்குள் புதைந்துவிடும். ஆகவே வாயை மூடிக்கொள்வதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. ஆனால் மேடையேறும் முன் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

முதலில், அந்த எண் எதை எண்ணியது என்று பாருங்கள். அமெரிக்கக் குடிமை உரிமைகள் சங்கம் (ACLU) 2013-இல் கஞ்சாக் கைதுகளைக் கணக்கிட்டது. கறுப்பினத்தவர் கைதாகும் வாய்ப்பு வெள்ளையினத்தவரைப் போல 3.73 மடங்கு இருந்தது. கஞ்சா புகைக்கும் விகிதமோ இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கைதுப் பதிவேடு போலீஸ் எங்கே போனது, யாரை நிறுத்தியது என்பதைச் சொல்கிறது. அதை எடுத்து "யார் அதிகம் குற்றம் செய்கிறார்கள்" என்ற பேச்சுக்குள் வைத்தால், எண் சரியாகவே இருந்தும் நீங்கள் சொன்னது பொய்யாகிவிடும்.

அடுத்து, எண்ணைப் பிரித்துப் பாருங்கள். இதற்காக ஒரு பழைய அட்டவணையை என் மேசையிலேயே வைத்திருக்கிறேன். 1973-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் 44 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. பெண்களில் 35 சதவீதம் பேருக்கு. இந்த வரியை மட்டும் காட்டி, கீழே உள்ளதை ஒரு தாளால் மறைத்துவிட்டு, "என்ன சொல்வீர்கள்?" என்று கேட்பேன். பெண்களுக்கு அநீதி என்று உடனே பதில் வரும். அதன் பிறகு தாளை எடுப்பேன். 'ஏ' என்று குறிக்கப்பட்ட துறைக்கு 825 ஆண்களும் 108 பெண்களும் விண்ணப்பித்தார்கள். இடம் கிடைத்தது ஆண்களில் 62 சதவீதம், பெண்களில் 82 சதவீதம். 'சி' துறைக்கு 325 ஆண்கள், 593 பெண்கள். அங்கே இரு தரப்பிலும் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்குத்தான் இடம். யாருக்குமே எளிதில் இடம் கிடைக்காத துறைகளைப் பெண்கள் அதிகம் நாடியிருந்தார்கள். அதனால்தான் மொத்தக் கணக்கில் பின்தங்கினார்கள். அவர்கள் ஏன் அந்தத் துறைகளுக்குப் போனார்கள் என்பது பெரிய கேள்வி. ஆனால் நீங்கள் கேட்க நினைத்த கேள்வி அது இல்லையே!

மூன்றாவது வேலை வாக்கியத்தில். பெரும்பாலான உரைகள் தடுக்கி விழுவது இங்கேதான் என்பது என் அனுபவம். "ஆண்கள் பெண்களைவிட உயரமானவர்கள்" என்று எழுதிப் பாருங்கள். பன்மையை எழுவாயாக நிறுத்தியதுமே அது எல்லோரையும் பிடித்துக்கொள்கிறது. உயரமான அத்தையும் குள்ளமான மாமாவும் காணாமல் போகிறார்கள். "ஆண்களின் சராசரி உயரம் பெண்களின் சராசரியைவிட அதிகம்" என்று எழுதுங்கள். இப்போது எழுவாய் சராசரி. மனிதர்கள் அவரவர் உயரத்தோடு நிற்கிறார்கள். உயரத்தில் இந்தப் பிழையால் யாருக்கும் காயமில்லை. நோய், குற்றம், தேர்வு மதிப்பெண் என்று வரும்போது இதே பிழை ஒருவரின் வேலையையும் வாடகை வீட்டையும் பறிக்கும். வரைவில் மக்கள் எழுவாயாக நிற்கும் வரிகளை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். ஒவ்வொன்றிலும் விகிதத்தையோ சராசரியையோ எழுவாய் ஆக்குங்கள்.

"மடங்கு" என்ற சொல்லைத் தனியாக விடாதீர்கள். இதை நான் தவறு செய்து கற்றேன். ஒரு பிரிவு மக்களிடம் ஒரு தொற்றுநோய் இரு மடங்கு காணப்படுகிறது என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்தேன். நோக்கம் நல்லது, அவர்களுக்குச் சிகிச்சை முகாம் வேண்டும் என்பதுதான். கூட்டம் கலைந்தபின் அந்தப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆசிரியை எனக்காகக் காத்திருந்தார். "ஐயா, நாளைக்கு வகுப்பில் என் பிள்ளைக்குப் பக்கத்தில் யார் உட்காருவார்கள்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. அந்த நோய் உண்மையில் ஆயிரம் பேரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலருக்குத்தான் இருந்தது. அதை நான் எழுதவே இல்லை. மடங்கைச் சொன்னால் அதே மூச்சில் எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

காரணம் என்று வரும்போது இன்னும் நிதானம் வேண்டும். 2005 ஜனவரியில் ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் லாரன்ஸ் சம்மர்ஸ், அறிவியல் துறைகளின் உயர்மட்டத்தில் பெண்கள் குறைவாக இருப்பதைப் பற்றி ஒரு மாநாட்டில் பேசினார். காரணங்களை வரிசைப்படுத்தியபோது, உச்சநிலைத் திறனில் இருக்கும் வேறுபாட்டைப் பாகுபாட்டுக்கு மேலே வைத்தார். சிந்தனையைத் தூண்டவே பேசுவதாகவும் சொன்னார். பெரும் புயல் எழுந்தது. அடுத்த ஆண்டு, வேறு பூசல்களும் சேர்ந்துகொள்ள, பதவி விலகுவதாக அறிவித்தார். கேள்வி எழுப்ப அவருக்கு உரிமை இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் நியமனங்களில் அதிகாரம் உள்ள ஒருவர் காரணத்தை ஊகிக்கும்போது, கேட்பவர்களுக்கு அது கொள்கை அறிவிப்பாகவே கேட்கும். எண்ணை உறுதியாகச் சொல்லுங்கள். காரணத்தை ஆய்வு எதுவரை காட்டியதோ அதுவரை மட்டும் சொல்லுங்கள். "அப்படியென்றால் அவர்கள் பிறவியிலேயே இப்படியா?" என்று யாராவது கேட்டால், "இந்தக் கணக்கெடுப்பு அதை ஆராயவில்லை" என்பது முழுமையான பதில். அதற்கு மேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

சட்டத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1966-ஆம் ஆண்டின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கை 19-ஆம் பிரிவில் கருத்துரிமையைத் தருகிறது. பகைமையைத் தூண்டும் வெறுப்புப் பேச்சை 20-ஆம் பிரிவில் தடுக்கச் சொல்கிறது. எங்கே கோடு போடுவது என்பதற்கு 2012-இல் மொராக்கோவின் ரபாத் நகரில் ஐ.நா. கூட்டிய வல்லுநர்கள் வகுத்த ஆறு அளவுகோல்களில் பேசுபவரின் தகுதிநிலையும் ஒன்று. பதவி உயர உயரச் சொல்லின் எடையும் கூடுகிறது.

கடைசியாக, வரைவை அந்தப் பிரிவைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அனுமதி கேட்பதற்காக அல்ல. எந்த வரியில் அவர் முகம் மாறுகிறது என்று அறிய. அந்த ஆசிரியைக்கு இன்றும் என் வரைவுகளை அனுப்புகிறேன். சென்ற மாதம் அனுப்பியதில் ஒரே ஒரு வரியின் கீழ்க் கோடிட்டு, ஓரத்தில் "எத்தனை பேரில்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பியிருந்தார்.