புதுச்சேரி கடைப் பலகைக்கு 16 வரிசைப் புள்ளி எழுத்துரு

எல்இடி பலகையில் ஆங்கிலம் பளிச்சென்று ஓட, தமிழ் நசுங்கிப்போவதற்குக் காரணம் உயரம். ஆங்கிலத்துக்கு 5 பத்தி (புள்ளிகளின் நெடுக்கு வரிசை), 7 வரிசை போதும். தமிழுக்கு மேலே மெய்ப்புள்ளியும் மேல்விலங்கும் (‘ரி’-யின் மேல்வளைவு), கீழே உகர வாலும் வேண்டும். 16 வரிசைக்குக் குறைந்தால் சரிப்படாது. பலகையைக் கோக்கும் எல்இடி துண்டான பி10 மாட்யூல் 32 × 16 புள்ளிதான் (320 × 160 மி.மீ.). அந்த உயரத்தையே அளவாக வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே 4 வரிசை, எழுத்தின் உடலுக்கு 8, கீழே 4 என்று பிரித்து, முதலில் கட்டத்தாளில் வரையுங்கள். ட, ப 7 பத்தியில் அடங்கும். ச-வுக்கு 9. ண-வுக்கு 13 கொடுங்கள். குறைத்தால் ஒரு சுழி அடைபட்டு ன ஆகிவிடும். சுழி குறைந்தது 3 × 3, நடுப்புள்ளி காலி. ர-வின் காலை அடிக்கோட்டுக்குக் கீழே 2 புள்ளி சாய்வாக இறக்குங்கள், இல்லாவிட்டால் துணைக்கால் என்றே வாசிப்பார்கள்.

இதில் அதிகம் கவனிக்க வேண்டியது மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்தே புள்ளிகளால் ஆனது. தலையில் இன்னொன்றை ஒட்டி வைத்தால் கோடு நீண்டதாகத்தான் தெரியும். நடுவில் ஒரு வரிசையை முழுக்கக் காலியாக விட்டு, அதற்கு மேல் 2 × 2 ஆக நான்கு புள்ளி வையுங்கள். மேல்விலங்கு மட்டும் உடலை ஒட்டியே எழ வேண்டும். தூரத்தில் நிற்பவர் ‘ர்’, ‘ரி’ இரண்டையும் பிரித்தறிவது அந்தக் காலி வரிசையால்தான்.

பிறகு ஃபான்ட்ஃபோர்ஜ், எழுத்துரு உருவாக்கும் இலவச மென்பொருள். எம் அளவு (எழுத்துருவின் முழு உயரம்) 1024, மேலுயரம் 768, கீழிறக்கம் 256. ஒரு கட்டம் 64 அலகு. 52 அலகு விட்டத்தில் ஒரே ஒரு வட்டம் வரைந்து, எல்லா எழுத்திலும் அதையே ‘ரெஃபரன்ஸ்’ (மூலத்தோடு இணைந்த நகல்) ஆக ஒட்டுங்கள். நாளை வட்டத்தைச் சதுரமாக்கினால் எழுத்துரு முழுவதும் மாறிவிடும். எழுத்தின் அகலம் 64-இன் மடங்காகவே இருக்கட்டும், தானியங்கி கெர்னிங் (எழுத்து ஜோடிகளின் இடைவெளியைக் கூட்டிக் குறைப்பது) வேண்டாம். புள்ளிகள் வரிசை தப்பும். உகர, ஊகார வடிவங்கள் 18 × 2 = 36, தனித்தனியாக வரைய வேண்டும்.

சோதிக்க ‘புதுச்சேரி’ நல்ல சொல்: மேல், கீழ், புள்ளி, கொம்பு எல்லாம் வருகிறது. பு 8, து 10, ச் 9, இரட்டைக்கொம்பு 8, ச 9, ரி 8, இடைவெளி 5, ஆக 57 பத்தி. இரண்டு மாட்யூலில், 64 பத்தியில், அடங்கும். பிரெஞ்சுப் பெயரான ‘Pondichéry’-யின் 10 எழுத்தும் 59 பத்தியில் அடங்கிவிடும். அதில் é-யின் சாய்கோட்டுக் குறிக்கும் அடியில் ஒரு வரிசை காலி விடுங்கள்.

பலகையின் மென்பொருள் கொம்பை இடம் மாற்றி ‘சே’-யை உடைத்தால் எழுத்துருவைக் குறை சொல்ல வேண்டாம். சொல்லை 16 பிக்சல் உயரக் கறுப்பு-வெள்ளை பிஎம்பி படமாக்கி, ஓர மழுப்பலை (ஆன்டி-அலியாசிங்) அணைத்துவிட்டு ஏற்றுங்கள்.

அச்சில் இது தலைப்பு, தேதி, விலைக்கு மட்டும். சிறிய அளவில் புள்ளிகள் கலந்து சாம்பலாகும். ஃப்ளெக்ஸில் நன்றாக வரும். வினைல் ஸ்டிக்கராக வெட்டுவதானால் புள்ளியைப் பெரிதாக வையுங்கள். சின்ன வட்டங்கள் கழிவைப் பிரிக்கும்போதே கூட வந்துவிடும்.