ராக்கெட் விடுகிறவர்களைப் பார்த்துத் தொழில் செய்வது எப்படி?

விண்வெளியையும் தொழிலையும் சேர்த்துப் பேச ஆரம்பித்தாலே "பெரிதாகக் கனவு காணுங்கள்" என்றுதான் முதலில் வருகிறது. கனவுக்கு இங்கே யாருக்கும் பஞ்சமில்லை. கடன் வாங்கிக் கடை போட்டவருக்கு உதவுவது, ராக்கெட் கிளம்புவதற்கு முன்னும் விழுந்த பின்னும் அவர்கள் உட்கார்ந்து பார்க்கிற சலிப்பான வேலைகள்தான். அதில் நமக்குத் தோதானதை மட்டும் சொல்கிறேன். உதாரணத்துக்கு ஒரு செக்கு எண்ணெய் வியாபாரத்தை எடுத்துக்கொள்வோம். உங்கள் தொழில் வேறென்றால் அதைப் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் கெட்டுப்போகிறதை எழுதுங்கள்

சந்திரயான்-2இன் விக்ரம் லேண்டர் (நிலவில் இறங்க வேண்டிய கலம்) 2019 செப்டம்பர் 7 அதிகாலையில் நிலவில் மோதியது. இன்ஜின்கள் கணக்கிட்டதைவிடக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளின, பிழை சேர்ந்துகொண்டே போனது, அதைத் திருத்த லேண்டர் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தது, ஆனால் இவ்வளவு வேகத்துக்கு மேல் திரும்பாதே என்று மென்பொருளில் கட்டுப்பாடு இருந்தது. போதாக்குறைக்கு இறங்க ஒதுக்கிய இடம் வெறும் 500 மீட்டருக்கு 500 மீட்டர். அங்கேதான் போய் இறங்க வேண்டும் என்று அது துரத்திக்கொண்டு போனது.

அடுத்த முறை இஸ்ரோ கேள்வியையே மாற்றிக்கொண்டது. எல்லாம் சரியாக நடந்தால் எப்படி இறங்கும் என்பதை விட்டுவிட்டு, சென்சார் கெட்டால், இன்ஜின் கெட்டால், கணக்கு தப்பினால், அப்போதும் எப்படி இறங்கும் என்று யோசித்து வடிவமைத்தார்கள். இறங்கும் இடம் 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டராக விரிந்தது. கால்களுக்கு வலு கூட்டினார்கள், எரிபொருளைக் கூட்டினார்கள், வேகத்தை அளக்க லேசர் கருவி ஒன்றைச் சேர்த்தார்கள், ஐந்து இன்ஜின்களில் நடுவில் இருந்த ஒன்றைக் கழற்றியே விட்டார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை சந்திரயான்-3 இறங்கியது. (திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம்ம விழுப்புரத்துக்காரர், அது தனிப் பெருமை.)

இதை நீங்கள் செய்ய ஒரு தாளும் ஒரு மாலை நேரமும் போதும். செக்கு மோட்டார் எரிந்தால்? நிலக்கடலை விலை திடீரென்று ஏறினால்? மாதா மாதம் மொத்தமாக வாங்குகிற கடைக்காரர் பணத்தை 60 நாள் இழுத்தால்? கணக்குப் பார்க்கிறவர் வேலையை விட்டுப் போனால்? ஒவ்வொன்றுக்கும் நேராக, என்ன செய்வோம், யார் செய்வார், எவ்வளவு பணம் தேவை என்று எழுதுங்கள். பதில் எழுத முடியாமல் பேனா நிற்கிற இடம்தான் உங்கள் பலவீனம், காசு கொஞ்சம் இருந்தால் முதலில் அங்கே போடுங்கள். அப்புறம் உங்கள் இலக்கையும் அகலமாக்குங்கள். மாதம் 2 லட்சம் விற்றால்தான் வாடகை கட்ட முடியும் என்று ஏற்பாடு செய்துவிட்டால் அது 500 மீட்டர் கட்டம். 1.2 லட்சம் வந்தாலும் தாக்குப்பிடிக்கிற மாதிரி இடத்தையும் ஆளையும் அமைத்துக்கொண்டு, அதற்கு மேல் வருவதை வளர்ச்சிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, விக்ரம் விழுந்தாலும் சந்திரயான்-2இன் ஆர்பிட்டர் நிலவைச் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. அதன் படங்கள் இறங்கும் இடத்தைத் தேர்வு செய்ய உதவின, தகவல் தொடர்புக்கும் அது கைகொடுத்தது, அதனால் சந்திரயான்-3க்குப் புதிதாக ஒரு ஆர்பிட்டர் அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஒரு கடையை மூடுகிறீர்கள் என்றால், கோபத்தில் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளாமல், அங்கே எது இன்னும் ஓடுகிறது என்று பாருங்கள். வாடிக்கையாளர் வாட்ஸ்அப் குழுவே ஒரு சொத்து.

விழுந்தால் உடைந்ததை மட்டும் மாற்றுங்கள்

ஸ்பேஸ்எக்ஸின் ஃபால்கன் 1 ராக்கெட் முதல் மூன்று முறையும் தோற்றது. மூன்றாவது தோல்வி 2008 ஆகஸ்டில். ராக்கெட்டின் அடிப்பகுதியான முதல் கட்டத்தின் இன்ஜின் நின்று, கட்டங்கள் பிரிந்த பிறகும் மிச்சமிருந்த உந்துதலில் அந்தக் கட்டம் நகர்ந்து போய் மேலே இருந்த இரண்டாம் கட்டத்தில் இடித்துவிட்டது. கையில் பணம் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. அவர்கள் ராக்கெட்டைப் புதிதாக வரையவில்லை. இன்ஜின் நிற்பதற்கும் கட்டங்கள் பிரிவதற்கும் நடுவே இருந்த நேர இடைவெளியைக் கொஞ்சம் நீட்டினார்கள், அவ்வளவுதான். செப்டம்பர் 28 அன்று ராக்கெட் சுற்றுப்பாதைக்குப் போனது, டிசம்பரில் நாசாவின் 160 கோடி டாலர் ஒப்பந்தம் வந்தது. நம் ஆட்கள் விற்பனை படுத்தால் பெயரை மாற்றி, லோகோவை மாற்றி, பாட்டிலை மாற்றி, வாஸ்துவையும் பார்த்துவிடுகிறார்கள். பிறகு விற்பனை ஏறினாலும் எதனால் ஏறியது என்று தெரியாது.

அளவையும் பழைய வழக்கத்தையும் ஒருமுறை சோதியுங்கள்

நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த நேரத்தில் தொலைந்துபோனது. ஒரு தரப்பின் மென்பொருள் உந்துவிசைக்கான எண்களைப் பவுண்டுக் கணக்கில் கொடுத்தது, மறு தரப்பு அதை நியூட்டன் கணக்கு என்று எடுத்துக்கொண்டது. பாதை சரியில்லை என்ற சந்தேகம் வழியிலேயே சிலருக்கு வந்திருக்கிறது, ஆனால் அது முறையாக எழுதி மேலே போகவில்லை. எண்ணெய் வியாபாரத்தில் இது தினமும் நடக்கிறது. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் சுமார் 910 கிராம்தான். நீங்கள் கிலோவுக்கு விலை சொல்ல, கடைக்காரர் லிட்டர் என்று எழுதிக்கொண்டால் ஆயிரம் டின்னில் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பில்லில் அலகு, ஜிஎஸ்டி உள்ளேயா வெளியேயா, போக்குவரத்துச் செலவு யாருடையது, இந்த மூன்றும் எழுத்தில் இல்லாமல் ஆர்டர் எடுக்காதீர்கள்.

ஐரோப்பாவின் ஏரியன் 5 ராக்கெட் கதை வேறு விதம். 1996 ஜூன் 4 அன்று முதல் பயணத்திலேயே 40 வினாடிக்குள் சிதறியது. அதற்கு முந்தைய ஏரியன் 4இல் நன்றாக ஓடிய மென்பொருளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார்கள். புது ராக்கெட் வேகமாகப் பாய, ஒரு எண் கணினியில் அதற்கு ஒதுக்கிய இடத்தில் அடங்காமல் போனது. அந்தக் கணக்கு கிளம்பிய பிறகு இந்த ராக்கெட்டுக்குத் தேவையே இல்லை என்பதுதான் கொடுமை. இரண்டாவது கிளை திறக்கிறவர்கள் முதல் கடையின் வேலை நேரம், விலை, கடன் பழக்கம் எல்லாவற்றையும் அப்படியே தூக்கிக்கொண்டு போகிறார்கள். ஒவ்வொன்றையும் அந்த ஊருக்கு இது எதற்கு என்று கேட்ட பிறகு கொண்டுபோங்கள்.

நிறுத்துவதற்கான விதியை முன்பே போடுங்கள்

சந்திரயான்-2 முதலில் கிளம்ப வேண்டிய நாள் 2019 ஜூலை 15. குடியரசுத் தலைவரே பார்க்க வந்திருந்தார். 56 நிமிடம் இருக்கும்போது கோளாறு தெரிந்தது, நிறுத்திவிட்டார்கள். சரிசெய்து ஜூலை 22 அன்று அனுப்பினார்கள். 1986 ஜனவரியில் நாசாவின் சேலஞ்சர் விண்வெளி ஓடம் விஷயத்தில் நடந்தது நேர் எதிர். இந்தக் குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று பூஸ்டர் (பக்கத்தில் பொருத்தும் ராக்கெட்) தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள் முந்தின இரவே சொன்னார்கள். நாசா தரப்பு அழுத்த, அந்த நிறுவனத்தின் நிர்வாகம் சம்மதித்தது. 73 வினாடியில் ஏழு உயிர் போனது.

திறப்பு விழாப் பத்திரிகை அடித்த பிறகு, மாமா பணம் போட்ட பிறகு, யாருக்கும் நிறுத்த மனசு வராது. அதனால் தொடங்குவதற்கு முன்பே எழுதுங்கள்: உணவுப் பாதுகாப்பு உரிமம் கைக்கு வராவிட்டால் திறப்பதில்லை, மூன்று மாதச் செலவு வங்கியில் இல்லாவிட்டால் முன்பணம் கொடுப்பதில்லை, தொடர்ந்து ஆறு மாதம் நஷ்டம் என்றால் கிளையை மூடுவது. எண்ணும் தேதியும் இல்லாத விதி வேண்டாம். கடைசி வரியில், உங்களைத் தவிர இன்னொருவர் பெயரை எழுதி, அவர் "நிறுத்து" என்றால் அன்றைக்கு வேலை நிற்கும் என்று கையெழுத்துப் போடுங்கள். அந்த ஆள் உங்களுக்குக் கடன் கொடுத்தவராகவோ உங்களிடம் சம்பளம் வாங்குகிறவராகவோ இருக்கக் கூடாது.