ஃபைல் அப்லோடு ஆகலையா? எந்த இடத்துல நிக்குதுனு முதல்ல பாருங்க

கோத்தகிரியில சின்னதா ஒரு ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், இப்பல்லாம் ஜெராக்ஸ விட ஆன்லைன் அப்ளிகேஷன் போடுற வேலை தான் ஜாஸ்தி. வர்றவங்க படி ஏறும்போதே "நெட்டு சரியில்ல தம்பி, ஃபைல் ஏற மாட்டேங்குது"னு தான் ஆரம்பிப்பாங்க. நம்ம மலையில நெட்டு மேல பழி போடுறது ரொம்ப ஈஸி. ஆனா என் கடைக்கு வர்ற கேஸ்ல நிறைய தடவ கோளாறு ஃபைல்ல தான் இருக்கும்.

அதனால எதையும் நோண்டறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல நிக்குதுனு பாருங்க. ஃபைல செலக்ட் பண்ண உடனே சிவப்பு எழுத்துல திட்டுதுனா ஃபைல் சரியில்ல. பாதி ஏறி 40, 50 சதவீதத்துல அப்படியே நின்னுடுச்சுனா நெட்டு லைன் கோளாறு. 100 காட்டிட்டு அப்புறம் எரர் வந்தா பெரும்பாலும் அந்த சைட்டோட சர்வர், அதாவது நம்ம ஃபைல வாங்கற அவங்க கம்ப்யூட்டர், அதுல தான் கோளாறு. பட்டன அமுக்கினா எதுவுமே நடக்கலனா பிரவுசர் மேல சந்தேகப்படலாம்.

போன வாரம் கட்டபெட்டுலருந்து ஒரு அக்கா வந்தாங்க, பொண்ணுக்கு அப்ளிகேஷன், ரெண்டு நாளா போராடிட்டு இருந்திருக்காங்க. போன்ல எடுத்த போட்டோ, சைஸ் பாத்தா 4 எம்பி. ஃபாரம் கேக்கறது 20லருந்து 50 கேபி. ஒரு எம்பினா 1024 கேபி, அப்போ இது கேட்டத விட எண்பது மடங்கு பெருசு, எந்த நெட்டு வச்சாலும் ஏறாது. கம்ப்யூட்டர்ல பெயின்ட்ல திறந்து, கன்ட்ரோல் டபிள்யூ அமுக்கி, பிக்சல்னு மாத்தி அகலத்த 300, 350 பக்கம் வச்சு ஜேபிஜியா சேவ் பண்ணேன், சேவ் ஆனதும் கீழயே சைஸ் காட்டும், 34 கேபி வந்துச்சு, ஏறிடுச்சு. சைஸ ரொம்ப குறைச்சிடாதீங்க, 20க்கு கீழ போனாலும் திட்டும்.

அடுத்தது ஃபைல் வகை. ஐபோன்ல எடுக்கற போட்டோ எச்இஐசினு ஒரு வகையில சேவ் ஆகும், நிறைய சைட்டு அத வாங்காது. செட்டிங்ஸ்ல கேமரா, ஃபார்மட்ஸ் போய் மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வச்சிட்டா அதுக்கப்புறம் எடுக்கறதெல்லாம் ஜேபிஜியா வரும். சில பேர் பேர மட்டும் ஜேபிஜினு மாத்திட்டு வந்து நிப்பாங்க, வர்க்கி டப்பா மேல பிஸ்கட்னு எழுதி ஒட்டினா உள்ள இருக்கறது பிஸ்கட் ஆகிடுமா? அதே மாதிரி ஃபைல் பேருல தமிழ் எழுத்து, ஆம்பர்சண்ட், ஹேஷ் மாதிரி குறியெல்லாம் இருந்தா சில பழைய சைட்டு முழிக்கும், சும்மா இங்கிலீஷ்ல நாலு எழுத்து, நம்பர்னு வைங்க போதும்.

இ-ஆதார் பிடிஎஃப் தனி கத. அது பாஸ்வேர்டு போட்டு பூட்டினது, பேரோட முதல் நாலு எழுத்து கேப்பிடல்ல, கூடவே பொறந்த வருஷம். பூட்டோட அப்லோடு பண்ணா பல சைட்டு தள்ளி விட்டுடும். குரோம்ல பாஸ்வேர்டு போட்டு திறந்து, பிரிண்ட் குடுத்து, பிரிண்டருக்கு பதிலா சேவ் ஆஸ் பிடிஎஃப்னு செலக்ட் பண்ணா பூட்டில்லாத காப்பி கிடைக்கும். வேலை முடிஞ்சதும் அந்த காப்பிய அழிச்சிடுங்க, முக்கியமா கடை கம்ப்யூட்டர்ல.

இப்ப லைனுக்கு வருவோம். வீடியோ நல்லா ஓடுதே, இது மட்டும் ஏன் ஏறலனு கேப்பாங்க. வீடியோ வர்றது டவுன்லோடு, இது அப்லோடு, ரெண்டும் வேற வேற ஸ்பீடு, ஸ்பீட் டெஸ்ட்ல ரெண்டாவதா காட்டறத பாருங்க. அது 1 எம்பிபிஎஸ்னா, அதாவது செகண்டுக்கு ஒரு மெகாபிட், எட்டு பிட் சேந்தா தான் ஒரு பைட், அதனால 5 எம்பி (மெகாபைட்) ஃபைலுக்கு 40 செகண்டாவது ஆகும், சிக்னல் ஆடினா இன்னும் ஜாஸ்தி. மிஸ்ட் எறங்கினா சிக்னல் போயிடும்னு இங்க எல்லாரும் சொல்வாங்க, ஆனா நான் பாத்ததுல மிஸ்ட்ட விட நடுவுல நிக்கிற மலையும், ஐப்பசி மழையில மரம் சாஞ்சு கரண்ட் போய் டவர் பேட்டரி எறங்கறதும் தான் பெரிய தொல்லை. ஜன்னல் பக்கம் போங்க, வேற சிம்ல ஹாட்ஸ்பாட் போட்டு பாருங்க, விபிஎன் (நெட்ட வேற ஊரு சர்வர் வழியா சுத்தி விடற ஆப்) இருந்தா ஆஃப் பண்ணுங்க. போன்ல அப்லோடு ஓடும்போது வாட்ஸ்ஆப்புக்கு தாவாதீங்க, பேட்டரி சேவர் ஆன்ல இருந்தா பின்னாடி ஓடறத போன் நிறுத்திடும்.

பிரவுசர்னு சந்தேகம் வந்தா கன்ட்ரோல், ஷிஃப்ட், என் அமுக்கி இன்காக்னிட்டோல அதே ஃபாரத்த திறந்து பாருங்க. அதுல ஏறுச்சுனா உங்க பிரவுசர்ல இருக்கற ஏதோ எக்ஸ்டென்ஷனோ (பிரவுசர்ல கூடுதலா போட்டுக்கற குட்டி ஆப்), விளம்பரத் தடுப்பானோ, பழைய குக்கீயோ (சைட்டு நம்ம பிரவுசர்ல சேத்து வைக்கற குறிப்பு) தான் வேலைய கெடுக்குது, எக்ஸ்டென்ஷன ஒண்ணொண்ணா ஆஃப் பண்ணி பாருங்க. குக்கீ அழிக்கறதா இருந்தா அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அழிங்க, மொத்தமா அழிச்சா எல்லா அக்கவுன்ட்லயும் வெளிய வந்து நிப்பீங்க.

413னு எரர் வந்தா சர்வர் தாங்கற அளவ விட ஃபைல் பெருசுனு அர்த்தம், திரும்ப சைஸ குறைங்க. 502, 504னா அவங்க பக்கம் நெரிசல், கடைசி தேதி சாயங்காலம் இது வந்தே தீரும், விடிகாலையில போட்டு பாருங்க, நாம ரீஃப்ரஷ் அடிச்சு புண்ணியமில்ல.

ஏறிடுச்சுனு பச்சை டிக் வந்தாலும் வியூ பட்டன அமுக்கி ஒரு தடவ திறந்து பாத்துடுங்க. அந்த அக்காவுக்கு எல்லாம் முடிச்சு திறந்து பாத்தா, பொண்ணு போட்டோ இடத்துல கையெழுத்து, கையெழுத்து இடத்துல பொண்ணு சிரிச்சிட்டு இருக்கா. என் தப்பு தான், மறுபடி முதல்லருந்து போட்டேன்.