கப்பலில் கணவரை இழந்தவர்கள் கையெழுத்துப் போடும் முன்

போன வாரம் மணப்பாட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். வீட்டுக்காரர் கப்பலில் மோட்டர்மேன் (இன்ஜின் அறைத் தொழிலாளி), நடுக்கடலில் மாரடைப்பு. முப்பதாம் நாள் பூசைகூட முடியவில்லை. மஞ்சப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினாள். பார்த்ததும் எனக்கு அடிவயிறு கலங்கியது. 2012-இல் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த அதே வாசகம்.

"அக்கா, இதுல போட்டுட்டா பணம் வந்துரும்லா?"

இறப்புச் சான்றிதழில் பத்து நகல் எடுங்கள், ஆதாரைப் பத்திரமாக வையுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் பணத்தைக் கரைத்த இடங்களை மட்டும் சொல்கிறேன்.

'ஃபுல் அண்ட் ஃபைனல்' (எல்லாம் வாங்கிவிட்டேன், இனி பாக்கியில்லை) என்று எழுதிக் கொடுப்பது

என் வீட்டுக்காரர் வெளிநாட்டுக் கொடி போட்ட சரக்குக் கப்பலில் ஃபிட்டர். அவர் இறந்து இரண்டாவது மாதம் மும்பையில் ஏஜென்ட் ஆபீசுக்கு வரச் சொன்னார்கள். தம்பியைக் கூட்டிக்கொண்டு ரயிலேறினேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், டீ வரவழைத்தார். ஐந்து தாள், எல்லாம் இங்கிலீஷ். எங்கெங்கே போட வேண்டும் என்று பென்சிலில் பெருக்கல் குறி. ரெவின்யூ ஸ்டாம்பைக்கூட அவர்களே ஒட்டி வைத்திருந்தார்கள். இன்றைக்கே போட்டால் இன்றைக்கே செக். யோசிக்க வேண்டுமென்றால் முதலாளியிடம் மறுபடி அனுமதி வாங்க வேண்டும், எத்தனை மாதம் ஆகுமோ தெரியாது என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். போட்டேன்.

எட்டு மாதம் கழித்து, அவரோடு வேலை பார்த்த சாரங் (டெக் ஆட்களின் தலைவர்) லீவில் வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. யூனியன் ஒப்பந்தத்தில் இறப்புக்கு ஒரு தொகை, அதற்கு மேல் ஒவ்வொரு சின்னப் பிள்ளைக்கும் தனித்தொகை. எனக்கு இரண்டு பிள்ளைகள். என் செக்கில் அவர்கள் கணக்கே இல்லை. போன் பண்ணிக் கேட்டால், எல்லாம் வாங்கிக்கொண்டதாக நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்றார்கள். அந்த டீயை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சலாக வருகிறது.

எனக்கு அப்போது இல்லாத பிடிமானம் இப்போது உங்களுக்கு இருக்கிறது. 2006-இல் உலக நாடுகள் போட்ட கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையை இந்தியா 2015-இல் ஏற்றது. பல கப்பல்கள் கொடி போடும் பனாமா, லைபீரியா, மார்ஷல் தீவுகள் எல்லாம் அதற்கு முன்பே ஏற்றவை. அதில் சேர்த்த திருத்தம் 2017 ஜனவரி 18 முதல் நடப்பில் உள்ளது: ஒப்பந்தத்தில் உள்ள இழப்பீட்டை முழுசாக, தாமதிக்காமல் கொடுக்க வேண்டும், குறைத்து வாங்கிக்கொள்ளும்படி நெருக்கக் கூடாது, அதை வாங்கியதால் மற்ற சட்ட உரிமை போய்விடாது. கப்பல் முதலாளி எடுத்திருக்கும் காப்பீட்டில் குடும்பத்தாரே நேரடியாகவும் கேட்கலாம். அடக்கச் செலவும் முதலாளியுடையது.

அந்தக் காப்பீட்டுச் சான்றிதழைக் கப்பலில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டியிருக்க வேண்டும். மணப்பாட்டுப் பெண்ணை அந்தக் கப்பலின் குக்குக்கு வாட்ஸ்அப் போடச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் படம் வந்தது, காப்பீட்டுக்காரர் பெயர், போன் நம்பரோடு. அவளுடைய காகிதம் இன்னும் கையெழுத்தில்லாமல் மஞ்சப்பையிலேயே இருக்கிறது.

ரசீது கொடுக்கத்தான் வேண்டும். 'ஒப்பந்தப்படி இவ்வளவு பெற்றுக்கொண்டேன்' என்று மட்டும் கொடுங்கள். முதலாளியின் கவனக்குறைவுக்காக வழக்குப் போடும் உரிமையை விடாத மாதிரி ரசீது ஒன்று அந்த உடன்படிக்கையின் பின்னிணைப்பிலேயே இருக்கிறது.

நாமினிதான் சொந்தக்காரர் என்று நினைப்பது

கல்யாணத்துக்கு முன்னால் திறந்த பேங்க் கணக்கில் பெரும்பாலும் அம்மா பெயர்தான் நாமினியாக இருக்கும். இதற்காக மாமியாரோடு பேச்சை முறித்தவர்கள் எத்தனையோ பேர். நானும் ஒரு வருஷம் முறித்திருந்தேன். பேங்கில் நாமினி பணத்தை வாங்கி வைக்கிறவர்தான், பங்கு வாரிசுகளுக்கு. உயில் இல்லையென்றால் இந்துக்களில் அம்மா, மனைவி, பிள்ளைகள் எல்லாருக்கும் சம பங்கு. அப்பாவுக்கு இவர்களோடு பங்கில்லை. கிறிஸ்தவர்களில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு. பிள்ளை இருந்தால் மாமியாருக்குச் சட்டப்படி ஒன்றுமில்லை. அதற்காக அவரைத் தெருவில் விடாதீர்கள், அது வேறு பேச்சு.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழும் கோர்ட் கொடுக்கும் வாரிசுரிமைச் சான்றிதழும் ஒன்றல்ல. எது வேண்டும் என்று பேங்கிடம் எழுத்தில் வாங்கிய பிறகு வக்கீலைப் பாருங்கள்.

பெயர்

சிடிசியிலும் (கப்பல்காரரின் பணிப் பதிவுப் புத்தகம்) பாஸ்போர்ட்டிலும் அப்பா பெயர் பின்னால் முழுசாக நிற்கும். ரேஷன் கார்டில் முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல். இரண்டு பெயரும் ஒருவருடையதுதான் என்று நிரூபிக்க எனக்கு ஏழு மாதம் போனது. இறப்பைப் பதியும்போதே பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள்.

அவருடைய ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது

வேண்டாம். பாஸ்வேர்டு தெரிந்தாலும்.

அசல் சிடிசியைக் கேட்டதும் கொடுப்பது

எழுத்தில் ரசீது வாங்காமல் கையை விட்டு விடாதீர்கள்.

கப்பலிலிருந்து வரும் பெட்டியைத் திறக்காமல் விடுவது

அவர் சாமான்களைப் பத்திரப்படுத்தி வீட்டுக்கு அனுப்புவது முதலாளியின் கடமை. பட்டியல் கேளுங்கள், பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். மனசு வராதுதான். எனக்கும் வரவில்லை, உடலோடு வந்த பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். சாரங் வந்துபோன அன்று ராத்திரிதான் இழுத்துத் திறந்தேன். அவர் வேலைக்குப் போடும் பாய்லர் சூட் உடுப்புக்கு அடியில் பிளாஸ்டிக் கவரில் அவருடைய காண்ட்ராக்ட் இருந்தது, யூனியன் ஒப்பந்தத்தின் நகலும் பின்குத்தி. நான் மும்பைக்கு ரயிலேறிய அன்றும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.