பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு: டெல்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2015 முதல் பொங்கலையொட்டித் தமிழகமெங்கும் நடந்துவரும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்ளத் தனித் தகுதி எதுவும் தேவையில்லை. வீட்டுக் கொல்லையிலோ வாய்க்கால் கரையிலோ குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளையும் அவற்றின் எண்ணிக்கையையும் பறவைப் பதிவுக்கான இபேர்ட் (eBird) செயலியில் பதிந்தால் போதும். இவ்வளவு எளிய வேலையில்தான், வலசைப் பறவைகள் வந்து நிறையும் காவிரி டெல்டாவில், சில தவறுகளை நாம் மறுபடி மறுபடி செய்கிறோம்.

முதல் தவறு, காக்கையைச் சேர்க்காமல் விடுவது. வடுவூர் ஏரிக்குச் சென்றவரின் பட்டியலில் ஊசிவால் வாத்தும் நத்தைக்குத்தி நாரையும் இருக்கும். கரை மரத்தில் ஓயாமல் கரைந்துகொண்டிருந்த காக்கையும், மதகருகே மேய்ந்த மைனாவும் இருக்காது. பட்டியலை அனுப்பும் முன், அடையாளம் கண்ட பறவைகள் அனைத்தையும் சேர்த்துவிட்டீர்களா என்று செயலி கேட்கிறது. நாம் யோசிக்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டால், பட்டியலில் இல்லாத பறவை அன்று அங்கே தென்படவில்லை என்றே பொருள் கொள்ளப்படும். பத்தாண்டு கழித்துச் சிட்டுக்குருவியோ மைனாவோ குறைந்திருக்கிறதா என்று பார்ப்பவருக்கு, அது இல்லாமல் போனதா, நாம் பொருட்படுத்தாமல் போனோமா என்று தெரிய வழியே இராது.

கூட்டம் பெரிதாக இருந்தால் எண்ணாமல், ‘இருந்தது’ என்று மட்டும் காட்டும் எக்ஸ் குறியைப் போட்டுவிடுவது அடுத்த தவறு. கோடியக்கரை உப்பளப் பகுதியில் பூநாரைகளையும் உள்ளான்களையும் பார்த்து மலைத்துப்போவது இயல்புதான். ஆயினும் கூட்டத்தின் ஓர் ஓரத்தில் 50 பறவைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அவை அடைத்திருக்கும் இடத்தை மனத்தில் நிறுத்தி, அதைப் போல எத்தனை பங்கு இருக்கிறது என்று கணித்தால், ஏறத்தாழச் சரியான எண் கிடைத்துவிடும். ‘ஆயிரக்கணக்கில்’ என்று குறிப்பெழுதுவதைவிடச் சற்றுப் பிசகிய எண்ணே பயனுள்ளது.

என் கணிப்பில், டெல்டாவில் மிகுதியாகப் பிழை நேர்வது வெண்ணிறப் பறவைகளிடம்தான். சம்பா அறுவடை நடக்கும் வயலில் எந்திரத்தின் பின்னே இறங்கும் வெள்ளைக் கூட்டம் முழுவதையும் ‘கொக்கு 200’ என்று எழுதிவிடுகிறோம். உண்ணிக்கொக்குக்கு இனப்பெருக்கக் காலத்தில் தலையிலும் கழுத்திலும் படரும் செம்மஞ்சள் நிறம் தை மாதத்தில் பெரும்பாலும் இராது. ஆகவே குட்டையான மஞ்சள் அலகைத்தான் பார்க்க வேண்டும். கறுத்த அலகும், கறுத்த காலில் மஞ்சள் பாதமும் இருந்தால் அது சின்னக்கொக்கு. பெரிய கொக்குக்கு, வாயின் ஓரத்திலிருந்து செல்லும் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டிருக்கும். மடையான் இன்னும் ஏமாற்றும்: வரப்பில் மண் நிறத்தில் அமர்ந்திருந்த பறவை எழுந்ததும் வெள்ளைச் சிறகு விரிக்க, அதையே மடையானாக ஒரு முறையும் கொக்காக இன்னொரு முறையும் எண்ணியவர்களுள் நானும் ஒருவன். தூரத்தில் பிரித்தறிய முடியாத கூட்டத்தை ‘ஏதோ ஒரு கொக்கினம்’ என்று பொதுவாகப் பதியச் செயலியில் இடம் உண்டு; அப்படிப் பதிவதில் குறைவொன்றுமில்லை.

காலையில் தஞ்சாவூரில் தொடங்கிய பட்டியலை மூடாமல் வைத்திருந்து மாலையில் கோடியக்கரையில் முடிப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் பூநாரை தஞ்சாவூர்த் தெருவில் நின்றதாகப் பதிவாகிவிடும். இடம் மாறியதும் பட்டியலை முடித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். நான்கு பேர் சேர்ந்து சென்றால் ஒருவர் பதிந்து மற்றவர்களோடு பகிர வேண்டும். ஆளுக்கொரு பட்டியல் அனுப்பினால் அங்கிருந்த 40 நாரைகள் 160 ஆகிவிடும். பகலில் வயலில் மேய்ந்த கொக்குகள் அந்தியில் ஏரிக்குத் திரும்பும்போது அவற்றை மீண்டும் எண்ணலாமா என்ற ஐயம் பலருக்கு எழுகிறது. இரண்டு இடங்களின் இரண்டு பட்டியல்களில் அவை வருவதால் பொங்கல் கணக்கெடுப்புக்குக் கேடில்லை. ஆனால் 1987 முதல் ஆசிய அளவில் ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் ஒரு நீர்நிலையின் மொத்த எண்ணிக்கையே கேட்கப்படுவதால், காலைக் கணக்கையும் மாலைக் கணக்கையும் கூட்டிவிடக் கூடாது.

குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் செயலிகள் உதவியானவை; தீர்ப்புச் சொல்பவை அல்ல. அவை காட்டும் அரிய பறவையைக் கண்ணாலோ நன்கு அறிந்த குரலாலோ உறுதி செய்யாமல் பட்டியலில் ஏற்றக் கூடாது. உண்மையாகவே அரியதைக் கண்டால் படமோ, பார்த்த அடையாளங்களைச் சொல்லும் இரண்டு வரிக் குறிப்போ சேர்த்துவிடுங்கள். பதிவுகளைச் சரிபார்ப்பவர்கள் எப்படியும் கேட்பார்கள்.

உதயமார்த்தாண்டபுரம் போன்ற சரணாலயங்களில் இது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பருவம். படத்துக்காகக் கூட்டு மரங்களை நெருங்கினால், தாய்ப்பறவை எழுந்துபோன சில நிமிடங்களுக்குள் காக்கை முட்டையைக் கவர்ந்துவிடும். அந்தக் காக்கையையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.